எண் பூட்டு

செந்தூல் நிலையத்துக்குப் பின்புறம்,
மாடிப்படிக்கு அடியில் என் கடை.
மழைக்குப் பயந்து மடிக்கணினியைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி
நெஞ்சோடு அணைத்தபடி வந்தார்.
"பேர் அடிச்சா நம்பரா வருதுங்க."

அடித்துக் காட்டச் சொன்னேன்.
ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி,
கோகிலம்.
திரையில் விழுந்தது:

26253a0

அந்த ஏ மட்டும்
ரயில் கதவு மூடியபின்
நடைமேடையில் நின்றுவிட்ட பிள்ளை மாதிரி.

கவிழ்த்துத் தட்டினேன்.
ரொட்டி சானாய்த் துணுக்கு, பாதி நகம்,
செத்தும் வரிசை கலையாத இரண்டு எறும்புகள்.
கே விசையைப் பெயர்த்தெடுத்து
தூரிகையால் கூட்டிப் பொருத்தினேன்.
இரண்டு இன்னும் பளிச்சென்று வந்தது.

மொழி அமைப்புக்குள் போனேன்.
யாரோ பிரிட்டிஷ் விசைப்பலகையை ஏற்றி வைத்திருந்தார்கள்.
மெர்டேக்கா முடிந்து இத்தனை வருஷம்,
இவர் மின்னஞ்சலில் மட்டும் வெள்ளைக்காரன் குந்தியிருக்கிறான்:
சுழி கேட்டால் மேற்கோள் குறி.
அவனை அனுப்பினேன்.
சுழி திரும்பி வந்தது.
கோகிலம் வரவில்லை.

என்னுடைய பழைய விசைப்பலகையைச் செருகினால்
பெயர் ஒழுங்காக வருகிறது.
ஆக, இவருடையதுதான் போச்சு.
"மாத்தணும். நூத்து இருபது வெள்ளி."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
திரையில் பாதி நிரப்பிய படிவம் திறந்திருந்தது.
பிறந்த இடம். தாயின் பெயர்.
அடையாள அட்டை எண்:
பன்னிரண்டு கட்டங்கள், காலி.
என் கண் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டார்.
"பன்னெண்டு வயசுலேர்ந்து பதிவிலாகாவுக்கு நடக்குறேன்.
இந்தத் தாளைக் கொண்டா, அந்தச் சூராட்டைக் கொண்டா.
கேட்டுக் கேட்டும் அவங்க குடுக்காத நம்பரை
இந்தப் பொட்டி சும்மா குடுக்குது பாருங்க."

சிரித்தார்.
கூடச் சிரிக்கலாமா என்று தெரியாமல்
நான் திருப்புளியைத் தேடினேன்,
கையிலேயே வைத்துக்கொண்டு.

"ரெண்டு தவணையாத் தரலாங்களா?"
தரலாம் என்றேன்.
கழற்றுவதற்கு முன்
மேல் ஓரத்தில் ஒட்டியிருந்த தங்க நட்சத்திரத்தை
நகத்தால் நெம்பினேன்.
மகன் பாலர் பள்ளியில் வாங்கியதாம்,
பால் சிந்தாமல் குடித்ததற்கு.
அதன் அடியில்
கடுகளவு பச்சை வெளிச்சம்.
பக்கத்தில் ஒரு பூட்டின் படம்.
எத்தனை மாதமாக எரிந்துகொண்டிருந்ததோ.

பதினாறு வருஷத் தொழில்.
முதலில் பார்த்திருக்க வேண்டியது.
காது சுட்டது எனக்கு.
இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினேன்,
பச்சை அணைந்தது.
"இப்ப அடிங்க."

கோகிலம்.
ஏழு எழுத்தும், எதுவும் தொலையாமல்.

"அவ்ளோதானா?"
"அவ்ளோதான்."

சொல்லிவிட்ட நூற்றிருபதை
வாய்க்குள் எப்படித் திரும்ப இழுப்பது?
காசு வேண்டாம் என்றேன்.
ஐந்து வெள்ளித் தாளை மேசையில் வைத்து,
விசிறிக் காற்றில் பறக்காதிருக்க
என் திருப்புளியையே எடுத்து அதன்மேல் வைத்தார்.

பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு
படிவத்தை அங்கேயே தொடர்ந்தார்.
பெயர் வந்தது.
மின்னஞ்சல் சுழியோடு வந்தது.
கட்டங்களுக்கு வந்ததும் விரல் நின்றது.
முதல் கட்டத்தில் கோடு துடித்தது, துடித்தது.
மேலே ரயில் ஒன்று போய் முடிந்தது.
நட்சத்திரத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
கட்டைவிரலில் ஒட்டி வைத்திருந்தேன்.
கேட்டு வாங்கி, இந்த முறை
மூடியின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டார்.

போகும்போது திரும்பி,
"அந்த ரெண்டு விசை எதுன்னு எழுதிக் குடுங்க," என்றார்.
மறுபடி வந்தா, என்றாரா
மறுபடி வேணும்னா, என்றாரா,
தகரக் கூரையில் மழை. சரியாகக் கேட்கவில்லை.

ரசீதின் பின்பக்கம்
எழுதிக் கொடுத்தேன்.