உற்றுநோக்கல் படிவம்: ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு

அல்சூரில்
மெட்ரோ தூணின் நிழல் விழும் பள்ளிக்கூடம்.
கடைசி பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தார்கள்.
நான் உட்கார்ந்ததும்
அங்கே இருந்த மூன்று பேரும்
சுவரோரம் ஒடுங்கினார்கள்.
"டிஇஓ ஆபீஸா மிஸ்?"
இல்லை, நானும் படிக்கிறவள்தான்,
பி.எட் இரண்டாம் ஆண்டு.
நம்பவில்லை.
படிக்கிறவர்களுக்கு நரைமுடி இருக்காதாம்.

படிவத்தில் கட்டங்கள்:
கேட்ட கேள்விகள் எத்தனை,
பதில் சொன்னவர் எத்தனை பேர்,
கரும்பலகையை முறையாகப் பயன்படுத்தினாரா,
ஆம் அல்லது இல்லை.

முதல் பீரியட் நாகவேணி மிஸ், சயன்ஸ்.
நாற்பது நிமிடத்தில் முப்பத்தொரு கேள்வி.
கோடு போட்டுப் போட்டு
என் பேனா சூடாகிவிட்டது.
முன்வரிசையில் நான்கு கைகள்
நெரிசல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்த மாதிரி
இறங்கவே இல்லை.
மிஸ்ஸின் கண்ணும் அந்த நான்கு கைகளில்
ஏறி இறங்கி ஏறியது,
எங்கள் பக்கம் வரவில்லை.
(எங்கள் பக்கம் என்று எப்போது எழுதத் தொடங்கினேன்?)
மாணவர் பங்கேற்பு: மிக நன்று.

அடுத்தது கணக்கு.
சவரிமுத்து சார்
ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
பலகையோடுதான் பேசினார்.
சட்டைக் காலரில் ஒரு தையல் பிரிந்திருந்தது,
முப்பத்தெட்டு பேருக்கும் அது தெரியும்.

ஆறு நிமிடத்துக்கு ஒரு ரயில்.
ஜன்னல் கண்ணாடி கடகடக்கும்.
அவர் பாதி வார்த்தையில் நின்றுவிடுவார்,
சாக்பீஸ் அந்தரத்தில்.
"ஹைபாட்ட..."
ரயில் போகும்.
"...னூஸ்."
விட்ட இடம் ஒரு மயிரிழை பிசகாது.
அந்த இடைவெளியில்
வகுப்பு மொத்தமும் குனிந்து
தவறிய வரியை எட்டிப் பிடிக்கும்.
கேள்விகள்: பூஜ்யம்.
கட்டத்தில் அதைத்தான் எழுத முடிந்தது.

என் பக்கத்தில் தஸ்லீம்.
உருதுவில் கூட்டினாள்,
கன்னடத்தில் பெருக்கினாள்,
"ஐயோ, மைனஸ்" என்று தமிழில் திடுக்கிட்டு
இங்கிலீஷில் எழுதினாள்.
சார் பலகையில் விடைக்கு வருவதற்குள்
அவள் நோட்டில் விடைக்கு அடியில்
இரட்டைக் கோடு விழுந்துவிட்டது.
கை தூக்கவில்லை.
யாரும் கேட்காதபோது எதற்குத் தூக்க?
படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
முணுமுணுப்பு, ஏழு.

மூன்றாம் பீரியட் சோஷியல் மிஸ் லீவு.
மாற்றாக வந்தவர்
"சத்தம் வந்துச்சோ பாருங்க" என்றார்,
போனில் மூழ்கினார்.
நான் படிவத்தை மடித்து வைத்தேன்.
பார்க்க ஒன்றுமில்லை.

அப்போதுதான் இரண்டு பெண்கள்
முன்வரிசையிலிருந்து குனிந்தபடி வந்தார்கள்,
காலையில் இறங்காமல் நின்ற கைகள்.
கணக்கு புரியவில்லையாம்.
தஸ்லீம் ரஃப் நோட்டைத் திருப்பி
முக்கோணம் போட்டாள்,
நோட்டைப் பார்த்தே பேசினாள்,
அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.
"இதோட ஸ்கொயர்ல இருந்து இதோட ஸ்கொ..."
ரயில்.
பென்சில் அந்தரத்தில்.
மூன்று தலைகளும் அசையாமல்.
"...யரை எடுத்துடு."

கிண்டல் இல்லை.
இப்படித்தான் கணக்கு சொல்லித்தருவார்கள்
என்று அவள் நினைத்திருக்கிறாள்.

மணி அடித்தது.
சுவரோரத்து லோகித் வாயைத் திறந்தான்,
காலையிலிருந்து முதல் தடவை.
"மிஸ், நானும் எழுதினேன்."
ஜாமெட்ரி பாக்ஸ் மூடியின் உட்புறம்
காம்பஸ் முனையால் கீறிய கட்டங்கள்:
மிஸ் எழுதினது 64.
மிஸ் கொட்டாவி 4.
மிஸ் வாட்ச் பார்த்தது 9.
மிஸ் சிரிச்சது 1.

நாளை மறுநாள் இதே வகுப்பில்
நான் பாடம் எடுக்க வேண்டும்,
இருபது நிமிடம், தொடர்வண்டி நேரம் உட்பட.
பின்னால் உட்கார்ந்து
யாரோ என்னை எண்ணுவார்கள்.

அந்த ஒன்று எப்போது என்று கேட்டேன்.
மூடியைப் படக்கென்று சாத்திவிட்டு
சாப்பாட்டுப் பையோடு ஓடிவிட்டான்.