இரண்டாம் மாடி, பின்பக்கம்

சிட்டுக்குருவிக்கு என்று அட்டையில் போட்டிருந்தது.
முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்ப் பெட்டி.
துணிக்கம்பியில் மாட்டி
தினையும் நொய்யரிசியும் நிரப்பினேன்.
கொளத்தூர்ச் சிட்டுக்குருவிகளுக்கு
இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

வந்தது ஒரு காகம்.
இடது காலில் மூன்றே விரல்,
மாஞ்சா நூல் அறுத்ததாக இருக்கலாம்.
ஓட்டைக்குள் அலகு நுழையவில்லை.
தலையைச் சாய்த்துப் பெட்டியைப் பார்த்தது,
ஈ.பி. ஆபீஸில் மூடிய கவுண்டர் முன்
நிற்கிறவர் மாதிரி.

அப்புறம் அணில்.
ஏ.சி. வெளிப்பெட்டிக்குப் பின்னால் குடியிருப்பு,
வாடகை கிடையாது.
தலைகீழாகத் தொங்கி
இரண்டு கையாலும் வாரி
பாதி தின்னும், பாதி சிந்தும்.
சிந்துகிற இடத்தில் காகம் நிற்கும்.
அணில் வரச் சுணங்கினால்
வாலைக் கவ்வி ஓர் இழுப்பு.
கிறீச் கிறீச்சென்று திட்டிக்கொண்டே
அணில் வேலைக்கு ஏறும்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்து
ஷூவைக்கூடக் கழற்றாமல்
இதைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.
சிநேகிதம் என்று அதற்குப் பேரும் வைத்திருந்தேன்.
‘உங்க தினைக்கு ராத்திரி
பெருச்சாளி வருது, பைக் ஒயரைக் கடிக்குது’
என்றாள் கீழ்வீட்டு பியூலா.
சிரித்துவைத்தேன்.

கத்திரி தொடங்க இரண்டு நாள் இருந்தது.
ஏ.சி. பெட்டி இடுக்கிலிருந்து
ரோஸ் நிறத்தில் எதையோ உருவியது காகம்.
கண் திறக்காதது. சுண்டுவிரல் நீளம்.
மூன்று விரல் காலால்
அதை அமுக்கிப் பிடித்த விதத்தில்
அவசரமே இல்லை.
பிறகு தூக்கிக்கொண்டு போனது,
வாதாமரத்து உச்சிக்கு.
அங்கே சுள்ளிகளுக்கு நடுவில்
சிவப்பாக இரண்டு வாய்கள் திறந்து மூடின.

கேஸ் சிலிண்டர்க்காரர் மணியடிக்கும்வரை
அணில் கத்தியது.

பெட்டியைக் கழற்றிக் கழுவி
கதவுக்குப் பின்னால் வைத்தேன்.
யாருக்குத் தண்டனை என்று தெரியவில்லை.

மறுநாள் காலை
வெறும் கொக்கியை முகர்ந்துகொண்டிருந்தது அணில்.
கைப்பிடிச் சுவரில் காகம்.
சற்றுப் பொறுத்துவிட்டு
வாலைக் கவ்வி ஓர் இழுப்பு.
அதே கிறீச்.
நேற்றையதா, பழையதா,
என் காதுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

தினையை அள்ளி வந்து
சுவரில் இரண்டு குவியலாக வைத்தேன்,
நடுவே ஒரு முழம் விட்டு.
தன் குவியலுக்கு முன் நின்றுகொண்டு
அடுத்ததைத் தின்றது காகம்.
அணில் பின்னால் வந்து
விட்டுப்போனதில் உட்கார்ந்தது,
வால் எட்டுகிற தூரத்திலேயே.

கீழே பியூலா பைக்கை உதைத்துக்கொண்டிருந்தாள்.
அது ஸ்டார்ட் ஆகவில்லை.