இருபத்திரண்டு டிகிரி

காரைக்குடி, செக்காலை ரோட்டில்
மருந்துக்கடை மாடி.
மல்லாந்து படுத்திருக்கிறார் அடைக்கலம்,
கண்டனூர்ப் பக்கத்து லைன்மேன்.
ஐப்பசி மழையில் கம்பத்திலிருந்து வழுக்கி
ஏழு மாதம்.

முழங்காலை மடக்கித் தொடையைத் தூக்குங்கள் என்கிறேன்.
தூக்குகிறார்.
கோணமானியின் ஒரு கை மேசையோடு, மறு கை தொடையோடு.
தொண்ணூறு.
'பாத்தீங்கள்ல மேடம்?'
மின்விசிறியைப் பார்த்துச் சிரிக்கிறார்.

நான் பார்க்கவில்லை. பார்த்தது என் கட்டைவிரல்.
இடுப்பெலும்பு முன்னால் முடிகிற இடத்தில்,
சட்டைக்கு மேலாக,
புளியங்கொட்டை அளவு மேட்டில் அதை வைத்திருந்தேன்.
தொடை நாலு விரல்கடைகூட எழும்பவில்லை,
அதற்குள் அந்த மேடு பின்னோக்கி நழுவத் தொடங்கிவிட்டது,
விசிலுக்கு முன்னே கிளம்பிவிடும்
தேவகோட்டை டவுன் பஸ் மாதிரி.

தான் மட்டும் எழுவதாகத்தான் கால் நினைக்கிறது.
தொடையின் பந்து கிண்ணத்தில் உருள உருளக்
கிண்ணமும் சாய்ந்து கொடுக்கிறது.
அடிமுதுகின் வளைவு மேசையில் படிகிறது;
அங்கே செருகியிருந்த என் இடது கை நசுங்குகிறது.
இந்த ஊருக்குத் தெரிந்த கணக்குத்தான்:
பெயர்ப்பலகையில் ஒருவர்,
முதல் போட்டவர் உள்ளே.

பெல்ட்டால் இடுப்பை மேசையோடு இறுக்கினேன்.
'இப்பத் தூக்குங்க.'
அறுபத்தெட்டு.
அதற்குமேல் நடுக்கம்தான். மீசையில் வேர்வை.
மின்விசிறியும் அந்த நேரம் பார்த்து நின்றது.
'அது நான் இல்ல' என்றார்.
சிரித்தோம்.
பெல்ட்டை நான் அவிழ்க்கவில்லை.

மேசைமேல் அவருடைய படிவம்.
இடது இடுப்பு மூட்டு, ஒரு கோடு, டிகிரி.
எழுபத்தைந்துக்குக் கீழே போனால்
இனி நாற்காலி, புகார் நோட்டு, தொலைபேசி.
கெஞ்சுவார் என்று காத்திருந்தேன்.
'கம்பத்துலயும் பெல்ட்டு உண்டு மேடம்.
அது விழாம இருக்க.
இது ஏறாம இருக்க' என்றார்.

பதில் இல்லாமல் இல்லை.
இருபத்திரண்டைக் கடன் கொடுப்பது இடுப்பு,
வட்டி கட்டுவது முதுகு,
மாலையில் சைக்கிளை விட்டு இறங்கும்போது தெரியும்.
சொல்லவில்லை.
அவிழ்த்துவிட்டு, கோணமானி இல்லாமல்,
புழுக்கத்தில் இன்னொரு தடவை தூக்கச் சொன்னேன்.
விரலடியில் மேடு போனது,
கூப்பிடாமலே கூடப் போகிற ஆள் போல.

கோட்டின்மேல் அறுபத்தெட்டு என்று எழுதினேன்.
ஓரத்தில், இடமில்லாத இடத்தில்,
கட்டாதபோது தொண்ணூறு என்று.
யார் படிப்பார்களோ.

மாடிப்படியில் அவர் இறங்குவது கேட்கிறது:
ஒரு செருப்பு, ஒரு இழுப்பு,
ஒரு செருப்பு.

மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.
எங்கேயோ ஒருவர் ஏறியிருக்கிறார்.