டி-யில் நிற்றல்

ஏறாவூர்க் கடவையில் கேற் விழுந்துவிட்டது.
எட்டரை தாண்டியாயிற்று,
கொழும்புக்குப் போகிற மெயிலை இன்னும் காணோம்.
கேற்காரர் லாம்பை நிலத்தில் வைத்துவிட்டு
யாரோடோ போனில் சண்டை பிடிக்கிறார்.

என் வாகனம் டி-யில் நிற்கிறது.
நிற்கிறது என்று சொல்லக்கூடாது.
போகப் பார்க்கிறது, நான் விடவில்லை.
வலது பாதத்துக்குக் கீழே
கொதிக்கிற பானையின் மூடியைப் போல
ஓயாத, மெல்லிய ஒரு தள்ளல்.

லாபிர் நானா சொல்வார்:
"டி-யிலயே வச்சி பிறேக்க மிதிச்சிக்கு நில்லுங்க மிஸ்,
சும்மா சும்மா மாத்தினா கியர்பொக்ஸ் பாவம்."
கிருபைராசா சேர் சொல்வார்:
"அரை நிமிசத்துக்கு மேலெண்டா என். ஹாண்ட்பிறேக். காலை எடு."
வாகனமும் ஏதோ சொல்லும், காலையில் சாவி போட்டதும்,
யப்பான்காரப் பெண்ணின் குரலில், மிக மரியாதையாக.
மூன்று வருடமாக எனக்கது விளங்கவில்லை.
இடது கால் எவர் பேச்சுக்கும் போவதில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
புதிதாகக் குடிவந்த மாப்பிள்ளை மாதிரிச் சாய்ந்திருக்கிறது.

இன்றைக்குப் பதினொரு வீடு.
சித்தாண்டியில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.
மாவடிவேம்பில் அழுதுகொண்டே தேத்தண்ணி தந்தார்கள்.
சீனியில்லை.
அதையும் குடித்துவிட்டுத்தான் றசீதுப் புத்தகத்தை எடுத்தேன்.
வந்தாறுமூலையில் கதவிடுக்கால் ஒரு பிள்ளை
"அம்மா வீட்ட இல்லையாம்" என்றது.

பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.
எஞ்சினை நிறுத்தினான், லைற்றும் போயிற்று.
பெற்றோலைத் துளித்துளியாய் எண்ணுகிறவன்.
என் பிறேக் லைற் எரிகிறதே,
அந்தச் சிவப்பில் அவனுடைய முழங்கால்,
தாங்கியில் குந்தியிருக்கும் சிறுமி,
அவள் தலையை விழுங்கிய ஹெல்மெற்,
மறுகா, முன் மட்காட்டில்
இலக்கத் தகடு.

கண்ணாடியில் இடம்வலம் மாறித்தான் விழும்.
ஏழு வருடத் தொழில், எனக்கு அப்படியும் வாசிக்க வரும்.
ஏழு, பூச்சியம், நான்கு, ஒன்பது.
பையைத் திறக்கத் தேவையில்லை.
கொம்மாதுறை. தவேந்திரராசா. ஐந்து தவணை.
"திருகோணமலைக்குக் கொண்டுபோயிற்றாராம்" என்ற வண்டி
என் பம்பருக்கு நாலடி பின்னால்.
ஒரு கோல் போதும்,
தன்னாமுனையில் பொடியன்கள் லொறியோடு நிற்பார்கள்.

சிறுமிக்குக் கண் கூசுகிறது.
கையால் மறைத்தாள், விரலிடுக்கால் பார்த்தாள்,
பிறகு முகத்தைத் தகப்பனின் சேட்டுக்குள் புதைத்தாள்.

நான் என்னுக்குத் தள்ளினேன்.
ஹாண்ட்பிறேக்கை இழுத்தேன், பல் பல்லாய்ச் சத்தம்.
காலை எடுத்தேன்.

முழங்கால் போயிற்று. ஹெல்மெற் போயிற்று.
ஏழு போயிற்று, நான்கு போயிற்று.
ஒரு சாண் கண்ணாடிக்குள் இருட்டு மட்டும்.
வாகனம் இப்போது எங்கும் போகப் பார்க்கவில்லை.
கால்தான் நடுங்குகிறது,
எதையோ இன்னும் பிடித்துவைத்திருப்பதுபோல.

மெயில் வந்தது.
வெளிச்சமான யன்னல்கள், ஒன்றன்பின் ஒன்றாக,
ஒவ்வொன்றும் ஒரு தரம்
அந்த இலக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் போயிற்று.
நான் கேற்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேற் உயர்ந்தது.
இனி டி-க்குப் போக மறுபடி பிறேக்கை மிதிக்க வேண்டும்.
மிதிக்கவில்லை.
கையை வெளியே நீட்டி, முந்திப் போ என்று காட்டினேன்.
போனான். போகும்போது
கதவில் ஒட்டியிருக்கும் கம்பனிப் பெயரைக் கண்டிருப்பான்,
தண்டவாளத்துக்கு மேலே வண்டி ஒருதரம் உலாஞ்சியது.
பிள்ளை மட்டும் திரும்பி, எனக்கோ றெயிலுக்கோ, கை காட்டினாள்.
பின்னால் வேன்காரன் ஹோனை விட்டு எடுக்கவில்லை.

காலையில் சேரின் புத்தகத்தில் நான் எழுத வேண்டும்:
கொம்மாதுறை, ஏழு பூச்சியம் நான்கு ஒன்பது,
வண்டியைக் காணவில்லையாம்.