நத்தை மார்க்கா

பேரேட்டில் பெரத்தூர் என்றிருந்தது.
பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர் வரிசையில்
எனக்குத் தெரியாத இன்னோர் ஊராக்கும் என்று
இரண்டு பக்கம் தாண்டிவிட்டேன்.
பிறகுதான் உறைத்தது:
ஊருக்கு யார் பியாஸ்தரில் கடன் கொடுப்பார்?

உ
சிவமயம்.
பிரஜோற்பத்தி வருஷம் ஆவணி மாசம், சைகோன் கடை.
பெரத்தூர் புத்தகக் கம்பெனி பற்று நாலாயிரம்.
வட்டி வரவு இல்லை.
வட்டி வரவு இல்லை.
வட்டி வரவு இல்லை.
கடைசியில், மை மாறி, கையெழுத்து மாறாமல்:
பணத்துக்குப் பதில் பெட்டி பதினெட்டு.

பெராதூ. ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் பெயர்.
லியோனில் ஜெபப் புத்தகம் அச்சடித்துத் தொடங்கி,
மகன் காலத்தில் பாரிஸ் போய்,
ஜெபத்தை விட்டுக் கவிதைக்கு வந்து,
பேரன் காலத்தில் அச்சு எந்திரத்தோடு கப்பலேறி
சைகோனில் இறங்கிய பதிப்பகம்.
ரப்பர் விலை விழுந்த வருஷம்
கவிதையும் விழுந்திருக்கிறது.

கடையின் மேலாள் சேவுகன் செட்டியாருக்கு
பிரெஞ்சில் தெரிந்தது எண்கள் மட்டும்.
ஊருக்கு எழுதினார்:
நெல்லாக இருந்தால் புழுத்துவிடும்,
இது புழுக்கிற சரக்கில்லை.
கரையானை அவர் அந்த நேரம் நினைக்கவில்லை.

பெட்டிக்குப் பெட்டி சூடு போட்ட ஒரு நத்தை.
உள்ளே சந்தன நிற அட்டை, படம் கிடையாது.
பெயர், பெயருக்குக் கீழே பெயர், அடியில் நத்தை.
பக்கங்கள் மடித்தபடியே, வெட்டாமல்.
படிக்கிறவர் கத்தியோடு வர வேண்டுமாம்.

முகப்பு நிலைக்கு இழைத்துக்கொண்டிருந்த
மலைக்கொழுந்து ஆசாரி
கஜலட்சுமிக்கு இருபுறமும் யானையை முடித்துவிட்டு
மூலைக்கு என்ன வைக்கலாம் என்று யோசித்தபோது
அந்தப் பெட்டி மேல்தான் உட்கார்ந்திருந்தார்.
யானை, யானை, கீழே நத்தை.
பிறகு ஆத்தங்குடியில் ஒரு வீட்டில் நத்தை,
கானாடுகாத்தானில் மூன்றில்.
சைகோன் பணத்தின் அடையாளம் என்று பேச்சு பரவ,
சைகோனைப் பார்க்காத வீடுகளும் வைத்துக்கொண்டன.

ஐம்பத்திரண்டில், சித்தப்பா முறை நாச்சியப்பன்
காரைக்குடியில் அச்சகம் போட்டார்.
அதே அட்டை, அதே நத்தை, வெட்டாத பக்கம்.
முதல் புத்தகம் ஐந்நூறு பிரதி.
வாங்கியவர்கள் பைண்டிங் கோளாறு என்று
திருப்பிக் கொண்டுவந்தார்கள்.
ஒருவர் மட்டும் சவரக்கத்தியால் பிரித்துப் படித்துவிட்டு
கதை சுமார், காகிதம் நன்று என்று கார்டு போட்டார்.
அச்சகம் மூடும்வரை அந்தக் கார்டு
கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது.

போன மாதம் பாரிஸுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.
பெராதூவை ஒருவர் வாங்கி, அவரை ஒருவர் விழுங்கி,
அவரையும் தண்ணீர் பாட்டில் விற்கிற ஒரு கம்பெனி
இப்போது வைத்திருக்கிறது.
பழைய தஸ்தாவேஜு வெள்ளத்தில் போனது,
நத்தை பற்றித் தகவல் இல்லை,
உங்களிடம் ஏதும் இருந்தால் அனுப்பவும் என்று பதில்.
கடன்காரன் நம்மிடமே சீட்டு கேட்கிறான்.

பழக்க தோஷம், கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
நூற்றுக்கு ஒன்பது, வட்டிக்கு வட்டி,
தொண்ணூற்று மூன்று வருஷம்:
ஒரு கோடியே இருபது லட்சத்துச் சொச்சம்.
அந்த நாணயம்தான் இப்போது எங்கும் இல்லை.

நாளை பாகப் பிரிவினை. நாற்பத்தெட்டுப் பங்கு.
புத்தகம் கிலோ பதினாலு என்கிறார்
பழம்பொருள் கடைக்காரர். நிலைக்கு மட்டும் நல்ல விலை,
அதுவும் யானைக்கு இல்லையாம், நத்தைக்கு.

முருங்கைக்காய் நறுக்கிய கத்தியைத் துடைத்து
ஒரே ஒரு மடிப்பை அறுத்தேன்.
நடுவில் நாலு வரி, சுற்றிலும் வெள்ளை.
நாலு வரிக்கு ஒரு முழுப் பக்கமா!
சேவுகன் செட்டியார் இதைப் பார்த்திருந்தால்
கடன் கொடுக்காமலே எழுந்து போயிருப்பார்.
எனக்கு அந்த வெள்ளையிலிருந்து
கண்ணை எடுக்க முடியவில்லை.

என் பங்கில் எழுதிக்கொள் என்றேன்.
புத்தகம் ஒன்று, பக்கம் வெட்டியது.
மதிப்பு என்ன போட, என்றான் கணக்கெழுதும் செல்லப்பன்.
நாலாயிரம்.
எந்தக் காசில் என்று அவன் கேட்கவில்லை.