மூன்றாவது அலமாரி, இடப்பக்கம்

கியர்னி நகரம், நெப்ராஸ்கா. ஏப்ரல்.
காற்று எங்கள் கடைக்கதவைத்
தானே திறந்து தானே சாத்திக்கொண்டிருந்தது.
லோர்னா ஹ்ருஸ்கா வந்தார்.
முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்;
நின்று பேசும்போதும்
தலைக்கு மேல் ஒரு கண்ணாடி இருப்பதுபோல்
அடிக்கடி நிமிர்ந்து பார்ப்பார்.
"புகைப்பெட்டி வேண்டும். எது நல்லது?"

எது நல்லது என்று
நான் யாருக்கும் சொல்வதில்லை.
கேட்பேன்.
உங்கள் வீட்டில் காற்று எந்தப் பக்கம்?
"எல்லாப் பக்கமும்."
பின்வாசலில் பிளக் உண்டா?
"கிறிஸ்துமஸ் விளக்குக்குப் போட்டது இருக்கிறது."
ராத்திரி எழுந்து பார்ப்பீர்களா?
"விடியுமுன் எழமாட்டேன், இனி எதற்கும்.
ஓய்வு பெற்ற அன்று எடுத்த சபதம்."

கேஸ் பெட்டியைத் திறந்து காட்டினேன்.
அடியில் நீலச் சுடர், மேலே மரச்சீவல் தட்டு.
சிலிண்டர் தீர்ந்தால்
சரியாக நாலு மணி இருட்டில்தான் தீரும்.
பலத்த காற்றுக்கு அணையும்.
ஆனால் எங்கும் தூக்கிப் போகலாம், ஏரிக்கரைக்குக்கூட.
"ஏரிக்கரைக்கு யார் போகிறார்கள்" என்றார்,
என்னிடம் இல்லை, பெட்டியிடம்.

அடுத்தது மின்சாரம்.
ஒரு கம்பிச்சுருள், ஒரு குமிழ், அவ்வளவுதான்.
நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்;
இதில் புகையும்.
விறகு வெட்டி எரிக்கிற சூரர்கள்
இதை அடுப்பென்று கேலி செய்வார்கள், சொல்லிவிட்டேன்.
"நாற்பத்தெட்டுப் பிள்ளைகள்
ஒரே நேரத்தில் கேலி செய்திருக்கிறார்கள்."
விலைச்சீட்டைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.
வயர் நீளம் போதாவிட்டால்
மெல்லிசாக வாங்கிவிடாதீர்கள் என்றேன்,
சூடேறி உருகும்.

சனிக்கிழமை தொலைபேசி.
"மூன்று மணி நேரமாகப் புகைகிறது.
உள்ளே ஒன்றுமே இல்லை."
அப்படித்தான். முதல் தடவை
வெறும் பெட்டியைத்தான் சுட வேண்டும்,
தொழிற்சாலை எண்ணெய் போக.
"பக்கத்து வீட்டு டுவெய்ன் வேலிக்கு வந்து
என்ன சமையல் என்கிறார்.
ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை.
நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டார்."

அடுத்த சனிக்கிழமை.
பன்றித் தோள், எட்டு ராத்தல்.
ஐந்து மணிக்கே மூட்டியிருக்கிறார்
(சபதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை).
"நூற்று அறுபதில் நின்றுவிட்டது.
நாலு மணி நேரம், ஒரு டிகிரி ஏறவில்லை.
கெட்டுப்போய்விட்டதா பெட்டி?"
இல்லை. இறைச்சி வியர்க்கிறது.
கொடுக்கிற சூட்டையெல்லாம்
வியர்த்தே செலவழிக்கிறது.
கதவைத் திறக்காதீர்கள்.
"ஆறு தடவை திறந்தாயிற்று."
ஏழாவது வேண்டாம்.
மௌனம். பின்னால் டுவெய்னின் குரல்:
அலுமினியத் தாளில் சுற்றலாமா கேள்,
சுற்றலாமா கேள்.

சுற்றினார்கள். ஏறியது.
இருநூற்று மூன்று தொட்டபோது கடை மூடும் நேரம்.
எடுத்ததும் வெட்டக் கூடாது,
துண்டு போர்த்தி ஒரு மணி நேரம், என்று
நான் சொல்லி முடிக்குமுன்
தொலைபேசி டுவெய்ன் கைக்குப் போயிருந்தது.
"சரி சரி" என்றார், மென்றுகொண்டே.
ஆக்கப் பொறுத்தவர்கள்,
ஆறப் பொறுக்கவில்லை.

திங்கள் காலை
கல்லா மேல் ஒரு பொட்டலம்.
ரசீதுப் புத்தகத்தில் எண்ணெய் வட்டம்.
கதவருகில் நின்று, அடுக்குகளுக்கு நடுவில் நின்று,
கையாலேயே தின்றேன்.
"கொஞ்சம் கசக்கும்" என்றார்,
"ஹிக்கரி சீவலை அள்ளிக் கொட்டிவிட்டேன்.
உங்கள் வீட்டில் நீங்கள் என்ன மரம் போடுவீர்கள்?"

பதினாறு வருடம் விற்கிறேன்.
குடியிருப்பது மூன்றாம் மாடி.
பால்கனியில் மெழுகுவர்த்திகூட ஏற்றக் கூடாது,
வாடகை ஒப்பந்தம், பதினான்காம் பத்தி.

செர்ரி, என்றேன்.
மூன்றாவது அலமாரி, இடப்பக்கம்.