ஆளுக்கு ஆறு

பங்குனி இருபதுக்கு மேல் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள்.
மதகடிக் குழியில் தேங்கும் தண்ணீரில்
ஒரே வீட்டுக்கு ஒறம்பரை வந்து இறங்கியதுபோல்
மீனெல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும்.
அப்போது போகலாம் என்றுதான் பேச்சு.

கோபியில், அபுதாகிரின் செல்போன் கடைப் பின்கட்டில்
நான்கு நாற்காலியில் ஐந்து பேர் உட்கார்ந்து
நோட்டுப் போட்டோம்.
முதல் வரி: வலை.
கொசுவலையே போதும் என்றார் அர்த்தநாரி.
பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிறவர்,
கையில் இருப்பதைக் கொண்டு காரியம் முடிப்பவர்.
'குஞ்சு குளுவானெல்லாம் வந்துருமுங்க,
கண்ணி பெருசா வேணும்'
என்றாள் கோகிலவாணி.
முதல் வரிக்கே முக்கால் மணி நேரம்.

ஜிலேபி எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம்,
அது குழம்புக்கு.
எங்கிருந்தோ வந்து, எல்லா முட்டையையும் தின்று,
ரேஷன் கார்டு வாங்கிவிட்ட மீன்.
நாங்கள் தேடுவது
வெள்ளம் வந்தால் கல்லைக் கவ்விக்கொண்டு
வேடிக்கை பார்க்கிற கல்லொட்டியை,
மணலுக்குள் மூக்கை மட்டும் வெளியே விட்டுத் தூங்கும் ஆரலை,
வாலடியில் மைப்பொட்டு வைத்த
விரல் நீளக் கெண்டையை.
அதற்கு அந்தியூரில் ஒரு பேர், நம்பியூரில் ஒரு பேர்,
தாராபுரத்தில் சொல்லும் பேரைச் சொல்லிவிட்டு
மெர்சி தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆளுக்கு எத்தனை?
பத்து என்றேன்.
புதுத்தொட்டி, மூன்றடி, கடன் சொல்லி வாங்கியது.
'சினை மாசமுங்க' என்றாள் கோகிலவாணி.
ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை,
எதையும் சொட்டுக் கணக்கில்தான் பேசுவாள்.
ஆறு.
வயிறு பருத்ததை அங்கேயே விட்டுவிட வேண்டும்.
அடிக்கோடு, அதன்மேல் இன்னொன்று.

அலுவலகத்தில் அனுமதிக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
'திங்கறதுக்கு இல்லீங்களா?'
இல்லீங்க.
'விக்கறதுக்கு?'
இல்லீங்க.
'அப்பறம் எதுக்குங்?'
பாக்கறதுக்குங்க.
அவர் முத்திரையைத் தேடி எடுக்கும்வரை
என் காது சுட்டது.

முதல் ஞாயிறு பூச்சாட்டு.
அடுத்தது அர்த்தநாரி மச்சினன் வீட்டுக் கிடாவெட்டு,
வராமல் இருந்தால் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.
மூன்றாம் ஞாயிறு என்று முடிவு.
வேனுக்கு முன்பணம், மூடிபோட்ட வாளி எட்டு,
பிராணவாயு அடைத்த பைகள்,
தக்காளிச் சோறு மெர்சி பொறுப்பு.

வியாழக்கிழமை அபுதாகிர்
யாரிடமும் சொல்லாமல் போய் வந்துவிட்டான்.
பதினாலு நொடிப் படம் ஒன்று அனுப்பினான்.
பாதிக்கு அவன் கட்டைவிரல்.
மீதியில் கலங்கல் தண்ணீர்,
அதற்குள் ஏதோ ஒன்று
திரும்பும்போது மட்டும் வெள்ளி.
அன்று இரவு யாரும் சண்டை போடவில்லை.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம்.
கெண்டை என்றார் அர்த்தநாரி.
இலை என்றாள் கோகிலவாணி.
நான் இருபது தடவைக்கு மேல் பார்த்தும்
எண்ணிக்கையைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கரை லஸ்கர் கூப்பிட்டார்.
'ஏனுங், சனிக்கெழம பொழுதோட
தண்ணி தொறந்து உடறாங்கொ.
ஞாயித்துக்கெழம வந்தீங்கன்னா
ஆளு மட்டத்துக்குப் போகுமுங்க.'

வேன்காரர் நாளைக்கு வர முடியாது என்கிறார்.
அர்த்தநாரிக்குப் பணி.
மெர்சிக்கு அரைநாள் மட்டும்.
'குழி ரொம்புனா அதுகளே போயிருமே,
நாம எதுக்கு?'
என்று கேட்ட கோகிலவாணிதான்
'ஸ்கூட்டர்ல நாலு வாளி தொங்கவிடலாம்,
வெடியால அஞ்சரைக்கு வந்துருங்க'
என்றும் சொல்கிறாள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் போக
இரண்டு ராத்திரி வேண்டும்.
எனக்கு இருப்பது ஒன்று.
வீட்டிலுள்ள குண்டா, அண்டா, இட்லிப் பாத்திரம் வரை
பிடித்து மொட்டை மாடியில் பரப்பிவிட்டேன்.
ஒவ்வொன்றாய்க் கை விட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறேன்.
கீழே தொட்டியில் விளக்கு எரிகிறது.
செடியோடு தொற்றி வந்த நத்தை ஒன்று
கண்ணாடியில் பாதி தூரம் ஏறியிருக்கிறது.

ஆறா, இரண்டா, ஒன்றுமில்லையா?
நோட்டை எடுத்து
அடிக்கோடு போட்ட எண்ணை அடித்துவிட்டு
அந்த இடத்தைச் சும்மா விட்டிருக்கிறேன்.